யார்க்டவுனில் ஒரு 'சிக் லீவ்'

அமெரிக்கா போனால் பிள்ளைகள் நயாகரா காட்டுவார்கள். என் பையன் ஒரு புல்வெளியைக் காட்டினான். "அப்பா, வெள்ளைக்காரன் துப்பாக்கியைக் கீழே போட்ட இடம் இதுதான்!"

வர்ஜீனியா மாநிலத்தில், யார்க் நதிக்கரையில் உள்ள சின்ன ஊர் யார்க்டவுன். 1781-ல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் பிரபு இங்கே முகாம் போட்டு, கடல் வழியாக உதவி வரும் என்று காத்திருந்தார். பிரெஞ்சுக் கப்பல்கள் முந்திக்கொண்டு வழியை அடைத்துவிட்டன. தரைப் பக்கம் வாஷிங்டன் படையும் பிரெஞ்சுப் படையும். முன்னால் பீரங்கி, பின்னால் தண்ணீர்!

அக்டோபர் 19. சரணடையும் நாள். கார்ன்வாலிஸைக் காணோம்! 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி, துணைத் தளபதி ஓஹாராவை அனுப்பிவிட்டார். பரீட்சை அன்றைக்கு நம்ம வாண்டுகளுக்கு வருமே வயிற்றுவலி, அந்த ரகம். வாஷிங்டன் லேசுப்பட்டவரா? அவரும் தன் துணைத் தளபதி பெஞ்சமின் லிங்கனைக் கைகாட்டிவிட்டார்.

சிரித்த எனக்கு அப்புறம்தான் சுருக்கென்றது. தோற்றவருக்கு லண்டன் என்ன தண்டனை கொடுத்தது? 1786-ல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரல் பதவி! 1792-ல் திப்பு சுல்தானை மடக்கி, அவருடைய இரண்டு சிறு பிள்ளைகளைப் பிணையாக வாங்கிய புண்ணியவான் இவர்தான். சென்னை கோட்டை மியூசியத்தில் சிலையாக நிற்கிறாரே, அவரேதான். பீடத்தில் அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சியையும் செதுக்கியிருக்கிறார்கள். சின்ன வயசில் பையனுக்கு, "யாரோ ஒரு துரை" என்று காட்டியிருக்கிறேன்.

அமெரிக்கர்களுக்கு 1783-ல் விடுதலைப் பத்திரம் கைக்கு வந்துவிட்டது. நமக்கு 1947.

யார்க்டவுனில் படுத்துக்கொண்டவருக்கு, இந்தியா என்றதும் மட்டும் உடம்பு தேறிவிட்டது, பாருங்கள்!