சாப்பாட்டுப் பெட்டியோட நிக்கிற பாட்டுக்காரர்

ஏரோப்ளேன்ல கக்கூஸ் இருக்கும்ல, அதைச் செய்யிற ஃபேக்டரியில் வேலை பார்த்த ஒருத்தர் அமெரிக்காவில் பெரிய பாட்டுக்காரர் ஆனார். பேரு பில் விதர்ஸ். சென்னையில் வேலை பார்க்கிற என் மகள்தான் அவர் பாட்டை அனுப்பிவிட்டா. எங்களுக்கு மும்முனை கரண்ட் இப்போ ராத்திரி முறை. மடையை மாத்திவிட்டுட்டு அடுத்த பாத்தி நிறையிற வரைக்கும் மோட்டார் ரூம் வாசல்ல உக்காந்து கேட்கிறது வழக்கமாப் போச்சு. இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை அவகிட்டக் கேட்டுக்குவேன்.

விதர்ஸ் 1938ல் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க்னு ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர்ல பிறந்தவர். ஆறு பிள்ளைகள்ல கடைசி. 13 வயசுல அப்பா போயிட்டார். கடற்படையில் ஒன்பது வருஷம் இருந்துட்டு, 1967ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து ஃபேக்டரி வேலை. சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, சொந்தக் காசுல பாட்டைப் பதிவு பண்ணி, அதைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சிருக்கார். 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்'னு முதல் ஆல்பம் 1971ல் வந்தப்போ வயசு 32. அட்டைப்படத்தைப் பாருங்க, வேலைக்குப் போற ஆளு மாதிரி கையில சாப்பாட்டுப் பெட்டியோட நிக்கிறார். ஆல்பம் வந்த பிறகும் வேலையை உடனே விட்டுடல. எனக்கு அந்தப் புத்தி பிடிச்சிருக்கு. ஒரு போகம் நல்லா விளைஞ்சதும் மாட்டை விக்கிறவன் சம்சாரி இல்ல.

இன்னொரு விஷயம். அவர் சின்ன வயசிலிருந்து திக்குவாய். இருபத்தெட்டு வயசு வாக்குலதான் அது சரியாச்சாம்.

எனக்கும் திக்கும். கிராம சபையில எந்திரிச்சு 'வாய்க்கால்'னு சொல்ல வந்தா 'வா... வா'விலேயே நிக்கும். யாராவது ஒருத்தர் பாவம் பார்த்து அதை முடிச்சுவிடுவார். அவர் முடிக்கிறது நான் சொல்ல வந்ததா இருக்காது. உக்காந்துடுவேன். ஆனா மார்கழி பஜனையில நாலு வீதி சுத்தினாலும் ஒரு எழுத்து தட்டாது. பாட்டுல எப்படித் திக்காம வருதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது, திக்குறவங்க பல பேருக்கு அப்படித்தான்.

'ஐன்ட் நோ சன்ஷைன்' இந்த முதல் ஆல்பத்துல வந்ததுதான். ரெண்டு நிமிஷம்தான் இருக்கும். கிட்டார், அடக்கமா ஒரு டிரம்ஸ், பின்னால கொஞ்சம் வயலின். வாத்தியம் கம்மிதான். நடுவுல ரெண்டே வார்த்தையை 26 தடவை திருப்பித் திருப்பிப் பாடுவார். அந்த இடத்துக்கு வேற வரி எழுதணும்னுதான் நினைச்சிருந்தாராம். கூட இருந்த வாசிப்புக்காரங்க, இப்படியே இருக்கட்டும், விட்டுடுன்னாங்களாம். நான் ஒரே வார்த்தையில அத்தனை தடவை நின்னா சனம் சிரிக்கும். இங்க யாரும் சிரிக்க முடியாது, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு கேட்கணும். இது திக்குறவன் காதுக்குப் பட்டது, உங்களுக்கு வேற மாதிரி கேட்கலாம்.

அதைவிட எனக்கு 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பெரிசு. அவரோட பாட்டி கையைப் பத்தின பாட்டு. சர்ச்சுல தட்டின கை, வலிச்சு வீங்கின கை, விழுந்த பிள்ளையைத் தூக்கின கை. முதல்ல வாயை மூடிக்கிட்டு ஒரு முனகல், அப்புறம்தான் பாட்டு. வாத்தியம் கம்மியா இருக்கிறதால குரல் ஒளிஞ்சுக்க இடமே இல்ல. எங்க அப்பத்தா கையும் மிளகா பறிச்சுப் பறிச்சுக் காந்திக்கிட்டே இருக்கும். அவ ஒருத்திதான் என் பேச்சை முடிச்சுவிட்டதே இல்ல. மடிச்ச வெத்தலையைக் கையிலேயே வச்சுக்கிட்டு, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு இருப்பா.

பிறகு 1980ல் குரோவர் வாஷிங்டன்னு ஜாஸ் சாக்சஃபோன்காரரோட சேர்ந்து 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்' பாடினார். ரேடியோவுல பெரிய ஓட்டம். நல்லா வழவழன்னு இருக்கும். ஆனாலும் ராத்திரிக்கு எனக்கு அந்தப் பழைய, மொட்டைப் பாட்டுகள்தான். அதுக்குள்ள கம்பெனிக்காரங்களோட அவருக்கு ஒத்துவரல. எப்படிப் பாடணும், யார் பாட்டைப் பாடணும்னு அவங்க சொல்ல ஆரம்பிச்சாங்க. 1985ல் ஒரு ஆல்பம் போட்டார், அதோட நிறுத்திட்டார். 2020 மார்ச்ல, 81 வயசுல இறக்கிற வரைக்கும் புது ஆல்பம் போடவே இல்ல. முப்பத்தஞ்சு வருஷம்! நிறுத்தினது நிறுத்தினதுதான்.

நீங்க கேட்கிறதா இருந்தா, 1972 அக்டோபர்ல நியூயார்க் கார்னகி ஹாலில் பாடினதும் ஆல்பமா வந்திருக்கு, அதைக் கேளுங்க. பாட்டியோட பாட்டைத் தொடங்குறதுக்கு முன்னாடி, அவ்வளவு பெரிய சபையில, பாட்டியைப் பத்தி அவர்பாட்டுக்குக் கதை சொல்றார். சனம் சிரிக்குது, அவர் சொல்லிக்கிட்டே போறார். எங்கயும் தட்டல. எனக்கு அதுல பாதி புரியல. அந்தப் பேச்சை மட்டும் தமிழ்ல எழுதி அனுப்பச் சொல்லி மகள்கிட்டக் கேட்டிருக்கேன்.