நாலு மீட்டருக்குள் ஒரு டிக்கி

ஒரு காரின் பின்பக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று நிதியமைச்சர் முடிவு செய்யும் நாடு நம்முடையது. (ஜப்பான்காரர்களும் கெய் கார் என்று 3.4 மீட்டர், 660 சி.சி. என ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதற்குள் டிக்கி வைத்தே ஆகவேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை.) 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சின்ன கார்களுக்கான எக்சைஸ் வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார். எது சின்ன கார்? நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்றால் 1200 சி.சி., டீசல் என்றால் 1500 சி.சி.தான் உச்சம்.

அவ்வளவுதான், கம்பெனிக்காரர்கள் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் டாடா தன் இண்டிகோவின் வாலை வெட்டி இண்டிகோ சி.எஸ். என்று விட்டது. அதே வருடம் மார்ச்சில் வந்த மாருதி ஸ்விஃப்ட் டிசையர் 4160 மி.மீ. நீளம். டிக்கி 440 லிட்டர், தாராளம். 2012-ல் அதையும் 3995 மி.மீட்டருக்கு நறுக்கினார்கள், டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. பிறகு வரிசையாக ஹோண்டா அமேஸ் (2013), ஹூண்டாய் எக்ஸெண்ட் (2014), டாடா டிகோர் (2017), எக்ஸெண்ட்டின் இடத்துக்கு ஆரா (2020). 2010-ல் டொயோட்டா எடியோஸ் மட்டும் இந்த வெட்டுக் குத்து எதுவும் வேண்டாம் என்று 595 லிட்டர் டிக்கியோடு வந்தது. வரிச் சலுகை கிடைக்கவில்லை. டாக்ஸிக்காரர்கள்தான் கொண்டாடினார்கள்.

அந்த 4 மீட்டர் கோடு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் (முன்பு செஸ் சேர்த்து 29), அந்தப் பக்கம் போனால் 40. ஆக, கையைக் கடிக்காமல் டிக்கி வைத்த கார் வேண்டும் என்பவருக்கு, ஷோரூம் விலையில் ஏறக்குறைய ஆறு முதல் பத்து லட்சத்துக்குள் இந்த வெட்டப்பட்ட வால்கள்தான் கதி.

சரி, பெசன்ட் நகருக்கு வருவோம்.

எலியட்ஸ் பீச்சிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர் ஒருவர், அவர் மனைவி, மனைவியின் அம்மா. பாட்டிக்கு 88 வயது. வீட்டுக்குள் மெதுவாக நடப்பார், வெளியே போனால் சக்கர நாற்காலி. வீட்டில் 2008-ல் வாங்கிய டிசையர், அந்த முதல் ரகம். 15 வருடம் முடிந்ததும் 2023-ல் ஐயாயிரம் கட்டணமும் பசுமை வரியும் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்று, 2028 வரை ஓடலாம். ஓடலாம்தான். ஆனால் கடற்கரையை ஒட்டி 17 வருடம் நின்ற வண்டிக்கு என்ன ஆகும் என்று பெசன்ட் நகர்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவின் கீழ் விளிம்பில் முதலில் ஒரு குமிழ், அப்புறம் பெயின்ட் உரியும், அப்புறம் விரல் வைத்தால் உள்ளே போகும். காலையில் பார்த்தால் பிரேக் டிஸ்க் காபித்தூள் நிறத்தில் இருக்கும். இரண்டு பிரேக் பிடித்தால் அது போய்விடும். அடிப்பக்கத்துத் துரு போகாது.

அதில் ஏர்பேக்கும் கிடையாது. அப்போதைய அடிப்படை மாடல்களில் கொடுக்கவில்லை. மனைவிக்கு அதுதான் உறுத்தல். வெளிநாட்டில் இருக்கும் மகனோ போனில், "அப்பா, பேசாம ஒரு எஸ்.யூ.வி. எடுத்துடுங்க, உயரமா இருக்கும்" என்கிறான். அப்பாவுக்குக் கையில் இருப்பது பத்து லட்சம், ஆன்-ரோடு எல்லாம் சேர்த்து. 68 வயதில் வாங்குவது. "இதுதான் நமக்குக் கடைசி கார்" என்று அவர் ஒருமுறை சொன்னதற்கு வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை.

கார் வாங்குபவர்கள் பெரும்பாலும் செய்யாத ஒரு காரியத்தை இவர் செய்தார். ஷோரூமுக்குப் போகும்போது சக்கர நாற்காலியையும் பாட்டியையும் கூட்டிக்கொண்டு போனார்! டெஸ்ட் டிரைவ் என்றால் ஸ்டியரிங் பிடிப்பவரைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். வண்டியில் பாதி நாள் பின் சீட்டில் உட்காரப் போகிறவரை யாரும் கேட்பதில்லை.

முதலில் டிக்கி. விளம்பரத்தில் லிட்டர் கணக்குப் போடுகிறார்கள். இப்போதைய அமேஸ் 416, ஆரா 402, 2024 நவம்பரில் வந்த டிசையர் 382. இதைப் படித்துவிட்டு அமேஸ்தான் பெரிது என்று முடிவு கட்டினால் தப்பு. லிட்டர் என்பது உள்ளே எவ்வளவு கொள்ளும் என்பது. வாய் எவ்வளவு அகலம் என்பதை அது சொல்லாது. பெரிய அண்டா, சின்ன வாய் கதைதான். மடக்கிய சக்கர நாற்காலி ஒல்லியாகத்தான் இருக்கும், ஆனால் உயரமும் நீளமும் குறையாது. கால் வைக்கும் பலகைகளைக் கழற்றி, படுக்கைவாட்டில் சாய்த்து விட்டால் மூன்றிலும் போனது. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது: பம்பர் விளிம்பு வரை 15 கிலோவைத் தூக்கி, அப்புறம் உள்ளே இறக்க வேண்டும். 68 வயதுக்காரரின் இடுப்புக்கு அந்த விளிம்பு உயரம்தான் முக்கியம், 30 லிட்டர் கூடக் குறைய இருப்பது அல்ல. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இன்ச் டேப்பும் வேண்டாம், தூக்க வேண்டிய சாமானையே எடுத்துப் போனால் போதும்.

இங்கேயே சி.என்.ஜி. அடிபட்டுப் போயிற்று. சிலிண்டர் வைத்தால் டிக்கி போச்சு. டாடா 2023-ல் டிகோருக்கு இரண்டு சின்ன சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் போட்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது, பாராட்ட வேண்டும். ஆனால் மாதம் 500 கி.மீ. ஓட்டுபவருக்கு சி.என்.ஜி. எதற்கு? தினம் வண்டலூர் தாண்டி வேலைக்குப் போகிறவருக்கு வேண்டுமானால் லாபம்.

மைலேஜ் கணக்கும் அப்படித்தான். டிசையர் லிட்டருக்கு 24.79 என்று அரசுச் சோதனையில் வாங்கியிருக்கிறது. எல்.பி. ரோடு நெரிசலில் அந்த எண்ணை மறந்துவிடலாம். போதாக்குறைக்கு இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் என்பதால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஊருக்குள் ஒரு கார் 14 கொடுக்கிறது, இன்னொன்று 12 கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். வருடம் 6000 கி.மீ., பெட்ரோல் 100 ரூபாய் என்றால் ஒன்றுக்கு சுமார் 43,000, மற்றதற்கு 50,000. வித்தியாசம் ஏழாயிரம், மாதம் அறுநூறு ரூபாய். இந்த அறுநூறு ரூபாய்க்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து "எத்தனை கொடுக்கும்?" என்று மட்டும் கேட்பது நம் ஊர் வியாதி.

பின் சீட்டு விவகாரம்தான் சிக்கலானது. மகன் சொன்ன 'உயரம்' தப்பில்லை. மூட்டு வலிக்காரர்களுக்கு இடுப்பு உயரத்தில் சீட்டு இருந்தால் அப்படியே பக்கவாட்டில் உட்காரலாம். செடான் தாழ்வு, அதில் 'இறங்க' வேண்டும். உட்காருவதைவிட எழுந்திருப்பது கஷ்டம். முதல் வண்டியில் உட்கார்ந்ததுமே பாட்டி, "மாப்பிள்ளை, இது குழிக்குள்ள உட்கார்ற மாதிரி இருக்கே" என்றார். விற்பனைப் பையன் சங்கடமாகச் சிரித்தான். அப்புறம் பழைய வண்டியில் செய்வது போலவே, முதலில் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொண்டார். பதினேழு வருடப் பழக்கம் கைகொடுத்தது. சக்கர நாற்காலியிலிருந்து மாறும்போது உயரமான எஸ்.யூ.வி.யில் இதற்கு நேர்மாறான பிரச்சினை வரும்: நாற்காலியின் உயரத்தைவிட சீட்டு மேலே இருந்தால் ஏற்றிவிட ஆள் வேண்டும். ஆக, உயரம் ஒருவருக்கு வசதி, இன்னொருவருக்கு ஏணி.

அடுத்தது கியர். இடது முழங்கால் மனைவிக்கு மட்டுமா வலிக்கிறது? அவருக்கும்தான். கிளட்ச் வேண்டாம் என்று ஆகிவிட்டது. டிசையரிலும் ஆராவிலும் கிடைப்பது ஏ.எம்.டி. அதாவது சாதாரண கியர்பாக்ஸ்தான், நம் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் கிளட்சை மிதிக்கும். விலை சுமார் ஐம்பதாயிரம்தான் கூட. ஆனால் கியர் மாறும்போது ஒரு சின்னத் தலையாட்டல் இருக்கும். அமேஸில் சி.வி.டி., வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் லட்சத்தை ஒட்டிக் கூடுதல் செலவு. எஞ்சினிலும் அமேஸுக்கும் ஆராவுக்கும் நாலு சிலிண்டர், புது டிசையருக்கு மூன்று. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கில் லேசாகத் தெரியும். தெரியாதவர்களுக்குத் தெரியாது :-)

பாதுகாப்பில் டிசையர் இம்முறை ஆச்சரியம். 2018-ல் குளோபல் என்கேப் சோதனையில் இரண்டு நட்சத்திரம் வாங்கிய ஸ்விஃப்ட்டின் குடும்பத்தில் வந்த இந்தக் கார், 2024-ல் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து வாங்கியது. மாருதியில் முதல் ஐந்து நட்சத்திர வண்டி இதுதான். ஆறு ஏர்பேக் இப்போது மூன்று கார்களிலும் எல்லா மாடலிலும் உண்டு. ஆரா மட்டும் நம்ம ஊர் வண்டி, இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. அகலமும் அதற்குத்தான் குறைவு, 1680 மி.மீ.; டிசையர் 1735. தூணுக்கும் தூணுக்கும் நடுவே நிறுத்தும் பழைய ஃபிளாட்காரர்களுக்கு இந்த ஐந்தரை சென்டிமீட்டர் ஒரு வரம். பக்கவாட்டுக் கண்ணாடியை மடக்காமல் கதவைத் திறக்கலாமே!

டாப் மாடல் பக்கம் போகவேண்டாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. 2023 நவம்பர் முதல் சாலை வரி 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. கார் 9.9 லட்சம் என்றால் வரி 1,28,700. 10.1 லட்சம் என்றால் 1,81,800. இருபதாயிரம் ரூபாய் சமாசாரத்துக்கு ஆசைப்பட்டால் வரியில் மட்டும் 53 ஆயிரம் கூடப் போகும். டிசையர் டாப் மாடலில் சன்ரூஃப் வேறு. சென்னை மே மாதத்தில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்வது, வடாம் காயவைப்பதா? அமேஸ் டாப் மாடலில் கேமரா வைத்துக் கோட்டுக்குள் வண்டியை நிறுத்தும் வசதி இருக்கிறது. அடையாறு சிக்னலில் கோட்டைக் கண்டுபிடித்தால் சொல்லவும்.

அந்தக் காசை இன்ஷூரன்ஸில் போட்டால் பிரயோஜனம். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாமையும் பார்த்த ஊர் இது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் சாதாரண பாலிசி பொதுவாகக் கைவிரித்துவிடும். 'எஞ்சின் புரொடெக்ட்' என்று தனியாகச் சேர்க்க வேண்டும். ஷோரூமில் இதைச் சொல்லமாட்டார்கள், சீட் கவரையும் ஃப்ளோர் மேட்டையும்தான் சொல்வார்கள்.

கடைசியில் போட்டி நடுத்தர ஏ.எம்.டி. டிசையருக்கும் ஆராவுக்கும் என்று வந்து நின்றது. தூண் ஆராவுக்கு ஓட்டுப் போட்டது. மனைவி ஐந்து நட்சத்திரத்துக்கு. மகன் போனில் மறுபடியும் எஸ்.யூ.வி. என்றான். பாட்டியைக் கேட்டார்கள். "பழைய வண்டியே நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை" என்றார். பிறகு, "வாங்கறதுன்னா உங்க பொண்டாட்டி சொல்றதை வாங்குங்க, அவதான் முன்னாடி உட்கார்றா." டிசையர் என்று முடிவாயிற்று. சன்ரூஃப் இல்லாதது.

முடிவானது மார்கழியில். அந்த மாதம் வண்டி எடுக்கக் கூடாது என்று பாட்டி கறார். ஷோரூமிலோ வருடக் கடைசித் தள்ளுபடி டிசம்பர் 31 வரைதான். முழுப் பணம் கட்டி டிசம்பரிலேயே பில் போட்டு, தை பிறந்ததும் பதிவு செய்து வண்டியை எடுப்பது என்று பேசி முடித்தார். 2025-ல் தயாரான வண்டி 2026 பதிவு எண்ணோடு ஓடும். விற்கும்போது தயாரிப்பு வருடத்தைப் பார்த்து விலையைக் குறைப்பார்கள். "நாம எங்கே விக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டு, தள்ளுபடிப் பணத்தில் அடிப்பக்கத்துக்குத் துருத் தடுப்பு அடிக்கச் சொன்னார்.