மறைத்த தேமல்

சேலம் நகரின் குடியிருப்புப் பகுதிகளுள் ஃபேர்லேண்ட்ஸ் என்பது ஒன்று. விடியற்காலையில் அதன் தெருக்களில் உலாவச் செல்வோர்க்குச் சேர்வராயன் மலைத்தொடர் நீலத்திரை போலத் தொலைவில் தோன்றும். வெயில் ஏறிய பின்னர்க் கண்ணைக் கவர்வன மருத்துவர்தம் பெயர்ப்பலகைகளே. கண்ணுக்கு ஒருவர், பல்லுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர் என அவை வரிசையாய் நிற்கும். ஆத்தூர், ஓமலூர், நாமக்கல் முதலிய ஊர்களிலிருந்து நோயுற்றார் பேருந்து ஏறி இத்தெருக்களுக்கு வந்து சேர்வர். அங்ஙனம் பிறர் நெடுந்தொலைவு கடந்து வந்து காணும் மருத்துவர்களை நாள்தோறும் இருமுறை கடந்து சென்றும், ஓராண்டுக் காலம் ஒருவரையும் காணாது இருந்தார் அவ்விடத்தே வாழ்ந்த ஓய்வுபெற்ற அலுவலர் ஒருவர்.

அவருடைய இடக்கை முன்புறத்தில் ஒரு தேமல் தோன்றியிருந்தது. அது வெளிறிய நிறமுடையது, அரிப்பு இல்லை, வலியும் இல்லை. வலி இல்லாமையால் முதலில் அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. சில திங்கள் சென்றபின், சிறுவிரலில் எறும்பு ஊர்வது போன்ற ஓர் உணர்வு இடையிடையே தோன்றிற்று. ஒருநாள் மாலை எழுதுகோலின் முனையால் அத்தேமலை அவர் தொட்டுப் பார்த்தார். தொட்டது தெரியவில்லை. சற்றே அழுத்தினார்; அப்பொழுதும் தெரியவில்லை. அக்கணத்தில் ஒரு நோயின் பெயர் அவர் நெஞ்சில் எழுந்தது. அதனை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. தமக்குத் தாமே கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் முதல் முழுக்கைச் சட்டையே உடுத்தலானார். சேலத்துச் சித்திரை வெயிலிலும் அவர் கைப்பொத்தானைக் கழற்றியதில்லை. கடையில் கிடைத்த களிம்புகளைப் பூசினார், வேப்பெண்ணெய் தடவினார், ஒருவரும் அறியாமல் உணவில் சிலவற்றை விலக்கினார். தோல் மருத்துவரின் பலகை தொங்கும் வீட்டை நெருங்கும்பொழுது மட்டும் தெருவின் எதிர்ப்புறத்துக்கு மாறி நடந்தார்.

அவர் அஞ்சிய நோய் தொழுநோய் ஆகும். குட்டம் என்றும், பெருநோய் என்றும், பெருவியாதி என்றும் தமிழில் அதற்குப் பெயர் பல உண்டு. ஒரு நோய்க்கு இத்தனை பெயர் அமைந்ததற்கு அதன் பழமை ஒரு காரணம். ஒரு பெயர் இழிவுற்றபொழுது மக்கள் வேறொரு பெயரைத் தேடியது மற்றொரு காரணம் என்று கருத இடமுண்டு. பெயரை மாற்றினும் அச்சம் மாறவில்லை. சட்டமும் அவ்வச்சத்திற்குத் துணை நின்றது. 1898ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, தொழுநோயுற்ற வறியோரைப் பிடித்துத் தனியிடத்தில் அடைத்து வைக்க வழி செய்தது. அச்சட்டம் 2016ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. கணவன் மனைவியருள் ஒருவர்க்கு இந்நோய் உண்டெனில் மற்றவர் மணவிலக்குக் கோரலாம் என்றிருந்த விதி 2019ஆம் ஆண்டில் நீங்கியது. அலுவலருடைய மகளுக்கு அவ்வாண்டு மணம் பேசிக்கொண்டிருந்தனர். அவர் கையை மறைத்ததன் காரணத்தை உணர இஃதொன்றே போதும்.

கல்வியறிவு குறைந்தோரே இங்ஙனம் அஞ்சுவர் என்று எண்ணுதல் பிழையாகும். இந்நோயைப் பற்றி உலகிற்கே புத்தறிவு புகட்டிய மருத்துவர் ஒருவர் இதே அச்சத்திற்கு ஓரிரவு முழுதும் ஆட்பட்டுக் கிடந்தார். அவர் பிறந்த மண்ணும் சேலத்திற்குத் தொலைவில் இல்லை. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை அன்று சேலம் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. இன்று அது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. அம்மலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்தவர் பால் பிராண்டு. அவர்தம் தந்தை ஜெஸ்ஸியும் தாய் ஈவ்லினும் மலைவாழ் மக்களுக்குத் தொண்டு புரிய வந்த ஆங்கிலேயர். தந்தையார் எந்நோயாளியையும் தொட்டு மருத்துவம் செய்பவர். எனினும் ஒருநாள் தொழுநோயுற்றார் சிலர் வீட்டுக்கு வந்தபொழுது அவர் கையுறை அணிந்தே அவர்தம் புண்களைக் கட்டினார். குழந்தைகள் அப்பால் நிறுத்தப்பட்டனர். அந்தக் காட்சி சிறுவனின் உள்ளத்தில் நெடுநாள் தங்கிற்று. ஜெஸ்ஸி பிராண்டு 1929ஆம் ஆண்டில் கடுங்காய்ச்சலால் அம்மலையிலேயே உயிர்நீத்தார். மகன் அப்பொழுது இங்கிலாந்தில் பயின்றுகொண்டிருந்தார்.

அறுவை மருத்துவம் கற்றுத் தேர்ந்த பால் பிராண்டு 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவ நிலையத்தை டாக்டர் காக்ரேன் அவருக்குச் சுற்றிக் காட்டினார். அங்கே விரல்கள் மடங்கிக் கிடந்த நோயாளி ஒருவரின் கையைப் பிராண்டு பற்றினார். அக்கை அவர் கையை நோகும்படி இறுக்கிற்று. உள்ளே வலிமை குன்றாத தசைநார்கள் உள்ளன என்பதை அவர் அப்பொழுது உணர்ந்தார். அத்தசைநார்களை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை முறை அதன் பயனாய் எழுந்தது.

அதனினும் வியப்புடையது மற்றொன்று. ஒருநாள் துருவேறிய பூட்டு ஒன்றைத் திறக்க இயலாமல் பிராண்டு வருந்தினார். ஏறத்தாழப் பத்து வயதுடைய நோயாளிச் சிறுவன் ஒருவன் ஓடி வந்து, சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அச்சிறுவனுக்கு அத்துணை வலிமை எங்ஙனம் வந்தது என்று வியந்த மருத்துவர் தரையில் குருதித் துளிகளைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவனோ அதனை அறியவில்லை. இரவில் விரல் நுனி காணாமற்போன நோயாளிகளும் இருந்தனர். எலிகள் வந்து கடித்தமை பின்னர்த் தெரிந்தது. உறங்கியவர்க்கோ வலி தெரியவில்லை. அவர்களுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன. இந்நோய் தசையை அழுகச் செய்து விரலை உதிர்க்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அது நரம்பைத் தாக்கி வலியுணர்வைப் போக்குகிறது; வலி போனபின் தீயும் முள்ளும் தேய்ந்த செருப்பும் எஞ்சியதைச் செய்து முடிக்கின்றன. பிராண்டு கண்டு நிறுவிய உண்மை இதுவே.

இத்துணையும் அறிந்தவர் 1950களில் ஒருமுறை அமெரிக்கா சென்று, கப்பலில் இங்கிலாந்து திரும்பினார். வழியில் காய்ச்சல் கண்டது. நெடுநேரம் புகைவண்டியில் அமர்ந்து இலண்டனை அடைந்து, தங்கிய அறையில் காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. மேலும் ஆழமாகக் குத்தினார். குருதி வந்தது, வலி வரவில்லை. நோயாளிகளிடையே ஆண்டுக்கணக்கில் பழகியவர் ஆதலின், தமக்கும் நோய் வந்துவிட்டது என்று துணிந்தார். மனைவி மக்களை இனித் தொடலாகாது; தொழிலை விட வேண்டும்; இவ்வாறு எண்ணி எண்ணி விடியும் வரை உறங்காது கிடந்தார். அச்சம் வேண்டா, மருந்துண்டு என்று பிறர்க்கு ஆயிரம் முறை கூறியவர் அவர். அவ்விரவில் அச்சொல் அவருக்கே உதவவில்லை. பொழுது விடிந்ததும் மீண்டும் ஊசியை எடுத்துக் குத்தினார். வலி தாளாமல் கத்திவிட்டார்! வண்டியில் ஒரே நிலையில் அமர்ந்திருந்தமையால் நரம்பு ஒன்று மரத்துப் போயிருந்தது, வேறொன்றும் இல்லை. அன்று முதல் வலியைக் கொடை என்றே அவர் போற்றி வந்தார்.

பிராண்டு ஓரிரவு கிடந்த இடத்தில் ஃபேர்லேண்ட்ஸ் அலுவலர் ஓராண்டு கிடந்தார். இருவர்க்கும் வேறுபாடு ஒன்றுண்டு. மருத்துவர் காலையில் மீண்டும் ஊசியைத் தொட்டார். அலுவலர் எழுதுகோல் முனையை மறுமுறை தொடவே இல்லை. உறுதியாகத் தெரிந்துவிடுமோ என்பதே அவர் அச்சம். தெரியாத வரையில் நோய் இல்லை என்பது போல ஒரு கணக்கு மனத்துக்குள் ஓடும். அது பொய்க்கணக்கு என்பது அக்கணக்கைப் போடுவோர்க்கும் தெரியும்.

ஒருநாட் காலை மனைவியார் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். அலுவலர் செய்தித்தாளில் கண்ணாயிருந்து, சூடான தம்ளரை இடக்கையில் பற்றியிருந்தார். ஆறட்டும் என்று மேசைமேல் அவர் அதனை வைத்தபொழுது, சிறுவிரலும் உள்ளங்கை ஓரமும் சிவந்து கன்றியிருந்தன.

“என்னங்க, கை சுடவில்லையா உங்களுக்கு?” என்றார் மனைவியார்.

அவர் மறுமொழி கூறவில்லை. அம்மையார் அருகில் வந்து, சட்டைக் கைப்பொத்தானைத் தாமே கழற்றி, துணியை மேலே சுருட்டினார். தேமலைக் கண்டார். சிறிது நேரம் பேசாதிருந்து, “எத்தனை நாளாய் இது?” என்று கேட்டார். “ஓராண்டு” என்றார் அவர். “இன்று மாலை போகிறோம்” என்றார் அம்மையார். அவ்வளவே பேச்சு. ஓராண்டுக் காலமாக அவர் மனத்துக்குள் நடத்திய வழக்கு மூன்று சொல்லில் முடிந்தது.

தோல் மருத்துவர் ஓர் இளம்பெண். “ஐயா, கண்ணை மூடிக்கொள்ளுங்கள். தொடும் இடத்தை விரலால் காட்டுங்கள்” என்று கூறி, பஞ்சின் நுனியால் கையிலும் முகத்திலும் முதுகிலும் தொட்டுக்கொண்டே வந்தார். முழங்கையின் பின்புறத்தில் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார், அது தடித்திருந்தது. முதுகில், அலுவலர் கண்ணுக்கு எந்நாளும் புலனாகாத இடத்தில், மேலும் ஐந்தாறு தேமல்கள் இருந்தன. தோலில் சிறு கீறல் இட்டுச் சோதனைக்கு எடுத்தனர். ஓராண்டாக அவர் அஞ்சிய சோதனை முழுவதும் அரைமணி நேரத்தில் முடிந்தது. நோய் அவர் அஞ்சியதேதான். மருத்துவர் அதனை மறைக்காமல், பெயரைத் தெளிவாகச் சொல்லியே கூறினார்.

பெயரைக் கேட்டபின் அவர் கேட்டறிந்த செய்திகள் பல. இந்நோய்க்குக் காரணம் ஒரு நுண்ணுயிர். நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873ஆம் ஆண்டிலேயே அதனைக் கண்டார். இது பரம்பரை நோய் அன்று. பாவத்தின் பயனும் அன்று. மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. நுண்ணுயிர் உடலில் புகுந்து, நோய் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். எங்கே தொற்றிற்று என்று பெரும்பாலும் எவராலும் சொல்ல இயலாது. 1981ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை, நோயின் நிலைக்கேற்ப ஆறு திங்களோ பன்னிரண்டு திங்களோ உட்கொள்ளப்பெறும். அரசு மருத்துவமனைகளில் அதற்குக் காசு வாங்குவதில்லை. மருந்து தொடங்கிய சின்னாட்களிலேயே பிறர்க்குப் பரவும் தன்மை நின்றுவிடும். 2005ஆம் ஆண்டின் இறுதியில், பதினாயிரம் பேர்க்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்னும் நிலையை இந்தியா எய்தியது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்நாட்டிலேயே உள்ளனர்; ஒழிந்துபோன நோய் என்று எண்ணிவிடலாகாது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புகளை நான்காகப் பகுத்து, நோயுற்றவனை முதற்கண் வைத்தார். மருத்துவனை அவனுக்குப் பின்னரே வைத்தார். நோயாளி வாராதபொழுது ஏனைய மூன்றும் என் செய்யும்? ஃபேர்லேண்ட்ஸ் தெருவில் அம்மூன்றும் ஓராண்டுக் காலம் அவர் நடக்கும் வழியிலேயே காத்திருந்தன.

புறப்படும்பொழுது மருத்துவர் மேலும் ஒன்று கூறினார். வீட்டில் உடன் வாழ்வோர் அனைவரையும் சோதிக்க வேண்டும். நோய் வாராமற் காக்க அவர்க்கும் ஒருவேளை மருந்து உண்டு. அலுவலர் இருக்கையிலிருந்து எழவில்லை. மனைவிக்குத் தெரிந்துவிட்டது, மகளுக்கு இனிச் சொல்ல வேண்டும். கையைக் காட்டுவதினும் அது கடிதாயிருந்தது. அன்றிரவு உணவுக்குப்பின் அவர் மகளை அழைத்து அமர்த்தி, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுச் சொன்னார். அவள் தந்தையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காலையில் பட்ட தீப்புண்ணையே முதலில் பார்த்தாள். “அப்பா, இதற்கு மருந்து போட்டீர்களா?” என்று கேட்டாள்.

பன்னிரண்டு திங்கள் மருந்து உண்டார். மருந்தினால் தோல் சற்றுக் கறுத்தது. கேட்டவர்க்கெல்லாம் வெயில் என்று மனைவியார் விடை கூறிவந்தார். தேமல்கள் மெல்ல மங்கின. சிறுவிரலின் உணர்ச்சி மட்டும் முற்றும் திரும்பவில்லை. முன்னரே வந்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கக்கூடும் என்று மருத்துவர் கூறினார். நாள்தோறும் இரவில் மூக்குக்கண்ணாடி அணிந்து, விளக்கருகே இடக்கையை விரித்துப் புண் ஏதும் உண்டோ என்று அவர் பார்த்துக்கொள்கிறார். காப்பித் தம்ளரை இப்பொழுது வலக்கையிலேயே வாங்குகிறார்.