ஒரு துளி ஜாதகம்

வரப்போவதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது? கைரேகை, கிளி ஜோசியம், நாடி என்று அதற்கு எத்தனையோ கடைகள். அந்த வரிசையில் இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடமும் சேர்ந்திருக்கிறது. கேலிக்குச் சொல்லவில்லை. இந்த ஜாதகத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் இதையும் படிக்கத் தெரிந்தவர்தான் படிக்க வேண்டும்.

எங்கள் அம்பத்தூர் 1964-ல் வந்த தொழிற்பேட்டையோடு வளர்ந்த ஊர். அடுத்த வீட்டுப் பெரியவர் அங்கே லேத்து மெஷின் முன் நின்றே ஆயுளைக் கழித்தவர். சர்க்கரை வியாதி சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

ஒருநாள் அவருக்கு மூச்சு வாங்கிற்று. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். 'ட்ரோபோனின்' அளவுக்கு மேல் இருப்பதாகக் காகிதம் சொல்லிற்று. மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்து, "மாரடைப்பாம்" என்றான். அவன் குரல் உடைந்துவிட்டது.

பெரியவர் மட்டும் அசையவில்லை. "எனக்கு அது எப்பவுமே ஜாஸ்திதான் தம்பி. பீரோவிலே பழைய சீட்டு இருக்கு, எடுத்துக்கிட்டு வாங்க. முதல் அளவு தெரியாம தேய்மானத்தை எப்படிச் சொல்றது?" என்றார்.

டாக்டர் இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஈ.சி.ஜி. எடுத்தார். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் ரத்தம். எண் நகரவில்லை. மாரடைப்பு இல்லை, உடம்பில் தேங்கிய நீர்தான் மூச்சை முட்டியிருக்கிறது.

ட்ரோபோனின் என்பது இருதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை நைந்தால் ரத்தத்தில் கசியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மாரடைப்பு இல்லாமலே பல சமயம் அது உயர்ந்து நிற்கும். அப்படியானால் பொய்யா? அதுவும் இல்லை. சில மணி நேரத்தில் ஏறி இறங்கினால் இன்றைய ஆபத்து. உயர்ந்தே நின்றால் இனி வரும் ஆண்டுகளின் எச்சரிக்கை.

இன்னொன்று பி.என்.பி. 1988-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் பன்றியின் மூளையில் கண்டெடுத்ததால் பெயரிலேயே மூளை ஒட்டிக்கொண்டது. உண்மையில் அதை அதிகம் சுரப்பது பாரம் தாங்காமல் விரியும் இருதயம். சிறுநீரகம் தளர்ந்தாலும் அது ரத்தத்தில் சேர்ந்துவிடும். யார் குற்றம் என்று எண் தனியாகச் சொல்லாது.

சிறுநீரக நோயாளிகளை இருதயம் கைவிடுகிறது என்பதைச் சியாட்டில் நகரத்து வைத்தியர்கள் 1974-லேயே எழுதிவிட்டார்கள். டயாலிசிஸ் வரை போகாமலே இருதயத்தால் இறந்துபோகிறவர்களும் அநேகம்.

"தெரிஞ்சு என்ன தம்பி செய்யறது?" என்று பெரியவரின் மனைவி என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. பரிகாரம் இல்லாத ஜாதகம் வெறும் பயமுறுத்தல்தானே?

பரிகாரம் இருக்கிறது; பகட்டில்லாத பரிகாரம். உப்பைக் குறைப்பது, தண்ணீரை அளந்து குடிப்பது, ரத்த அழுத்தத்தைக் கட்டில் வைப்பது, டயாலிசிஸ் முறையைத் தவறவிடாதது, இருதய வைத்தியரையும் காலத்தில் பார்ப்பது. நெஞ்சு வலித்தால் பழைய சீட்டைத் தேடிக்கொண்டு உட்காரக் கூடாது. முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சீட்டைப் பின்னால் யாராவது கொண்டு வரட்டும்.

ஆனால் அந்தச் சீட்டு வீட்டில் இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகைகளையும் மின்சார ரசீதுகளையும் வருஷக்கணக்கில் சேர்த்து வைக்கிறோம். நம் ரத்தம் நன்றாக இருந்த நாளில் சொன்ன கணக்கைத்தான் குப்பையில் போட்டுவிடுகிறோம். எந்த எண்ணும் மரணத்துக்குத் தேதி குறிப்பதில்லை. நேற்றைய எண் பக்கத்தில் இருந்தால்தான் இன்றைய எண் வாய் திறக்கும்.