வேலியும் வாயிலும்

பொன்னைக் கொடுத்தால் கொடுத்தவரிடம் குறையும். கல்வி கொடுப்பதால் குறைவதில்லை. ஆயினும், இணையத்தில் விலையின்றிக் கிடைக்கும் பாடங்கள் எல்லாம் எவரும் எடுத்தாளத் தக்கவை அல்ல. படிக்கலாம், மொழிபெயர்க்கவும் மாற்றியமைக்கவும் அச்சிட்டு வழங்கவும் பொதுவாக உரிமையாளரின் இசைவு வேண்டும். இந்தியாவில் நூலின் பதிப்புரிமை, ஆசிரியர் மறைந்தபின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. அது எழுதியவரின் உழைப்பைக் காக்கும் வேலி; பகிர விரும்புவோர்க்கும் அவ்வேலியே குறுக்கே நிற்கிறது.

அதில் வாயில் அமைக்க, 2002ஆம் ஆண்டில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு எளிய உரிமங்களை வகுத்தளித்தது. படைப்பாளர் தம் உரிமையைத் துறவாமலேயே, பெயர் சுட்டுதல், வணிகத்திற்குப் பயன்படுத்தாமை, மாற்றியதையும் அவ்வாறே பகிர்தல் முதலிய நிபந்தனைகளோடு முன்கூட்டியே இசைவளிக்கலாம். அவ்வாண்டிலேயே யுனெஸ்கோ கூட்டிய அவையில் 'திறந்த கல்வி வளங்கள்' என்னும் பெயரும் பிறந்தது.

தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள் இத்தகைய உரிமத்திலேயே வெளிவருகின்றன. சிற்றூர் ஆசிரியர் ஒருவர் அவற்றுள் ஒன்றை எடுத்து, தம் ஊர் ஏரியை எடுத்துக்காட்டாகச் சேர்த்து, வகுப்பிற்கேற்பத் திருத்தி அச்சிடலாம்; எவருடைய கடிதத்திற்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. அவர் செய்ய வேண்டுவன இரண்டு: மூலத்தைச் சுட்டுதல், தாம் திருத்தியதையும் பிறருக்குத் திறந்து வைத்தல். பெயரை மறைத்து எடுப்பவர், விலையில்லாப் பொருளையும் களவுப் பொருளாக்கிவிடுகிறார். பெயர் சுட்டி எடுத்து, செம்மையாக்கித் தருபவரோ முகமறியா மாணவர்க்கும் ஆசிரியராகிறார்.