மலையடிவாரத்துக்கு ஏற்ற பூட்ஸ்

வேட்டை பூட்ஸ் என்பது கணுக்காலுக்கு மேல் ஏறி நிற்கும், தடித்த மாட்டுத்தோலில் செய்து நாடா கட்டிய காலணி. முள்ளைத் தடுப்பதும், ஈரத்தை உள்ளே விடாமல் இருப்பதும், கல்லில் கால் பிசகாமல் கணுக்காலைப் பிடித்துக்கொள்வதும் அதன் வேலைகள். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரத்தில் இந்த மூன்று சோதனையும் ஒரே நாளில் வந்துவிடும். செண்பகத்தோப்பிலிருந்தோ அய்யனார் கோயில் பக்கமிருந்தோ காலையில் ஏறத் தொடங்குகிறவர் முதலில் உடைமுள் மண்டிய வறண்ட காட்டைக் கடக்க வேண்டும். அடுத்து உருண்டைக் கற்கள் கிடக்கும் ஓடைகள். அதற்கும் மேலே, 1,800 மீட்டரைத் தாண்டும் முகடுகளை நெருங்க நெருங்க, அட்டை ஊரும் ஈரக்காடு. கோடையில் அடிவாரப் பாறை காலைச் சுடும். ஐப்பசி, கார்த்திகையில் அதே பாறை வழுக்கும்.

இந்த மலையில் வேட்டை நெடுங்காலம் நடந்திருக்கிறது. வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் நாய் காட்டுப்பன்றியைத் துரத்தப் பழக்கப்பட்ட இனம். 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை இந்திய நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று இதற்கு உரியது. வேடனின் காலணி தமிழ் இலக்கியத்துக்கும் புதிதல்ல. பெரியபுராணத்துக் கண்ணப்பர் இறைவன் திருமேனியில் இருந்த பழைய பூக்களை நீக்கியது செருப்பணிந்த காலால்தான். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாகிவிட்டது. 1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்காக இங்கே சரணாலயம் அமைந்தது. 2021 பிப்ரவரியில் அதனுடன் மேகமலைச் சரணாலயமும் சேர்ந்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகம் ஆயிற்று. முன்பு வேட்டைக்காரருக்கு வேண்டியிருந்த பூட்ஸ் இப்போது வனக்காப்பாளருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் மலையடிவாரத் தோப்புகளில் இரவுக்காவல் இருப்பவருக்கும் வேண்டியிருக்கிறது. தேனெடுக்கப் பாறையில் இறங்கும் பளியர் பழங்குடியினர் பெரும்பாலும் வெறுங்காலையே நம்புகிறார்கள். நனைந்த பாறையைப் பற்றுவதில் பழகிய பாதத்துக்கு எந்தச் சோலும் ஈடாகாது என்பதால் அது சரியான தேர்வுதான்.

பூட்ஸ் எத்தனை நாள் உழைக்கும் என்பது தோலில் தொடங்குகிறது. தமிழ்நாட்டின் பழைய பதனிடும் முறைக்கு ஆவாரம்பட்டை அடிப்படை. ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையோரங்களிலும் கரிசல் மேடுகளிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். ஆவாரையில் ஊறிய தோல் உறுதியாக இருக்கும். ஆனால் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதைத் தடுக்கக் கடுக்காய்க் கரைசலில் மறுபடி ஊறவைத்தார்கள். முதல் உலகப் போரின்போது இப்படித் தென்னிந்தியாவில் பதனிட்ட தோல்களைப் பிரிட்டிஷ் அரசு மொத்தமாக வாங்கித் தன் படைவீரர்களின் பூட்ஸுக்கு மேல்தோலாக்கியது. ஆவாரைத் தோல் தண்ணீரில் கிடந்தால் நாளடைவில் இளகும். அதனால் 1903இல் சென்னை கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சோதித்தார். அதில் வந்த தோல் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு நன்றாக உழைத்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் குரோமியத்தில் ஓரிரு நாளில் பதப்பட்டுவிடும். வெந்நீரிலும் எளிதில் சுருங்காது. இன்று ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் பூட்ஸ் மேல்தோலுக்கு வருவது பெரும்பாலும் குரோமியத் தோல். ஆனாலும் அடித்தோலுக்கும் உட்தோலுக்கும் பட்டையில் பதனிட்ட தடித்த தோலே சிறந்தது. வியர்வையைக் குடித்துக்கொள்ளும், பாதத்தின் வடிவத்துக்குப் படியும், ஊசிக்கும் நூலுக்கும் நல்ல பிடி கொடுக்கும்.

கடையில் வாங்குகிறவர் கண்ணுக்கு எல்லாத் தோலும் ஒன்றாகத்தான் தெரியும். தோலின் மேற்பரப்பு சீவப்படாமல் அப்படியே இருந்தால் அதன் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். அடிப்பாகத்தைத் தனியாகப் பிளந்து எடுத்த தோலில் அந்த நெருக்கம் இல்லை. அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி மேல்தோல் போலக் காட்டுவார்கள். அடையாளம் காண ஒரு வழி உண்டு. வளைத்துப் பார்த்தால் நல்ல தோலில் நுண்ணிய சுருக்கங்கள் ஓடும். பூச்சுத் தோலில் ஒன்றிரண்டு தடித்த மடிப்பே விழும். அந்த மடிப்பில்தான் முதல் மழைக்காலம் முடிவதற்குள் பூச்சு உரியும்.

காட்டில் முதலில் பழுதாவது சோல். இன்றைய மலிவு பூட்ஸில் சோல் தைக்கப்படுவதில்லை, ஒட்டப்படுகிறது. சுடுபாறையில் பசை இளகும், ஓடையில் ஊறும், மறுநாள் மறுபடி காயும். ஒவ்வொரு அடியிலும் முன்பாதம் வளைவதால் இழுவை எல்லாம் விரல் முனையில் போய்ச் சேர்ந்து, பூட்ஸ் அங்கேயே வாய் பிளக்கிறது. அடுத்து, விரல்கள் மடங்கும் இடத்து மேல்தோல். வியர்வை உப்பும் சேறும் அந்த மடிப்பில் காய்ந்து உள்ளிருந்தே நாரை அறுக்கும். நனைந்த பூட்ஸை அடுப்பருகே வைத்துக் காய வைப்பவர்கள் பலர். ஈரமும் சூடும் சேர்ந்தால் தோல் சுருங்கி விறைத்து, அடுத்த ஏற்றத்தில் வெடித்துவிடும். காகிதத்தைச் சுருட்டி உள்ளே திணித்து, அதை அவ்வப்போது மாற்றி, நிழலில் காற்றாட விடுவதே முறை. காய்ந்த பிறகு விளக்கெண்ணெய் தடவுவது பழைய வழக்கம். அளவாகத் தடவினால் அது இன்றும் நல்ல பலன் தரும்.

இன்னொரு பழுதைப் பலர் தயாரிப்பு மோசடி என்றே நினைக்கிறார்கள். பாலியூரித்தேனில் வார்த்த சோல், காலில் போடாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தாலும், சில ஆண்டுகளில் புட்டுப் போல உதிரும். காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுப்பதே காரணம். வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில் இது விரைவாகவே நடக்கும். அப்படி உதிர்ந்த சோலை ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. முழுதாகக் கழற்றிவிட்டு வேறு சோல் போட வேண்டும். விசேஷ நாளுக்கு என்று பெட்டியில் பூட்டி வைத்த பூட்ஸ்தான் இதில் அதிகம் கெடுகிறது. ரப்பர் சோல் இப்படி உதிராது. எடை சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.

பூட்ஸின் மீதி ஆயுள் தெருவில் அமர்ந்திருக்கும் காலணித் தொழிலாளியின் கையில் இருக்கிறது. இரு ஊர்களிலும் பேருந்து நிலையங்களை ஒட்டியும் கடைத்தெரு முனைகளிலும் குடையோ கோணியோ விரித்த சிறு இடங்களில் இவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது மாணவர்களின் ஷூ குவியும். மற்ற நாட்களில் மில் தொழிலாளர்களின் செருப்பு, காவலாளிகளின் பூட்ஸ், பை, பெல்ட், குடை. கருவிகள் சிலவே: தோல் சீவும் அகலமான உளி, நுனியில் கொக்கி வைத்த குத்தூசி, சுத்தி, பூட்ஸைக் கவிழ்த்து மாட்டும் மூன்று கால் இரும்பு, மெழுகு உருண்டை, சொலூசன் டப்பா.

வாய் பிளந்த பூட்ஸ் ஒன்று வந்தால், தேர்ந்த கைக்காரர் முதலில் கையை உள்ளே விட்டு உட்தளத்தை அழுத்திப் பார்ப்பார். அது தோலாக இருந்தால் பூட்ஸுக்கு எதிர்காலம் உண்டு. மலிவு பூட்ஸில் அங்கே அழுத்திய காகித அட்டைதான் இருக்கும். நனைந்து கூழாகிவிட்ட அட்டையில் எந்தத் தையலும் நிற்காது. இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதும் அவருடைய தொழில் நேர்மையில் சேர்த்தி. தேறும் என்று தெரிந்தால் பழைய பசையை அரத்தால் தேய்த்து எடுப்பார். புதுப் பசையை இரு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருப்பார். வாடிக்கையாளர் அவசரப்படுத்துவது இந்த இடத்தில்தான். அந்தச் சில நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் ஒட்டு நிற்காது. பிறகு பூட்ஸை இரும்பில் மாட்டிச் சுத்தியால் அடித்து இறுக்குவார்.

அதற்குப் பிறகுதான் தையல். சோலின் ஓரத்தைச் சுற்றி உளி நுனியால் மெல்லிய சால் ஒன்று கீறப்படுகிறது. குத்தூசி துளையிட்டு இறங்கி, உள்ளே இருக்கும் நூலைக் கொக்கியில் வளையமாக மேலே இழுக்கும். அந்த வளையத்துக்குள் நூலின் மறுமுனையை நுழைத்து இறுக்கினால் ஒரு தையல் முடிந்தது. ஒவ்வொரு தையலும் தனித்தனியாகப் பூட்டிக்கொள்வதால் ஒன்று அறுந்தாலும் மற்றவை உடனே பிரிந்துவிடாது. நூல் அந்தச் சாலுக்குள் பதிந்து கிடப்பதால் தரையில் உராய்வதில்லை. சால் கீறாமல் மேலோட்டமாகத் தைத்தால் கல்லும் மணலும் சில வாரங்களில் நூலைத் தின்றுவிடும். இரண்டுக்கும் கூலி வித்தியாசம் சிறிது, உழைப்பில் வித்தியாசம் பெரிது. வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் கவனிக்க வேண்டியது இந்தச் சாலைத்தான். மெழுகு தேய்த்த பருத்தி நூல் துளையை நன்றாக அடைத்துக்கொள்ளும், ஆனால் ஈரத்தில் மக்கும். நைலான் மக்காது, ஆனால் இளகிய தோலை அறுக்கும். காட்டு பூட்ஸுக்கு நைலானையே போட்டு, தையலைச் சற்று இடைவெளி விட்டுப் போடுவது நல்லது. நெருக்கமாகக் குத்தினால் துளைகள் வரிசையாகச் சேர்ந்து தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும்.

இந்தத் தொழிலாளியிடம் ரசீது இல்லை, உத்தரவாத அட்டையும் இல்லை. தைத்த இடம் சில நாளில் விட்டுப்போனால் மறுபடி கூலி கேட்காமல் தைத்துக் கொடுப்பதே வழக்கம். வெளிப்பக்கக் குதிகால் யாருக்குத் தேயும், யாருக்கு முன்பாதம் தேயும் என்பதும் அவருக்கு நினைவிருக்கும். தேயும் பக்கத்தில் முன்கூட்டியே டயர்த் துண்டோ லாடமோ அடித்துக் கொடுப்பார். பெரிய கடையில் அச்சிட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் இவரிடம் வந்து ஐந்துக்கும் பத்துக்கும் பேரம் பேசுவது அநியாயம். பூட்ஸின் ஆயுளை இரட்டிப்பாக்குகிற உழைப்புக்கு உரிய கூலி கொடுக்கப்படாத வரை, இவரது பிள்ளைகள் மில்லுக்கும் வேறு வேலைக்கும் போவதில் வியப்பில்லை.

முன்பிருந்த ஏற்பாடு இதைவிடக் கடுமையானது. மின்மோட்டார் வருவதற்கு முன், கமலையில் பூட்டும் தோல் வாலைத் தைப்பதும் பழுது பார்ப்பதும், உழவர் குடும்பங்களுக்குச் செருப்புச் செய்து தருவதும் தென்மாவட்டங்களில் பெரும்பாலும் அருந்ததியர் பொறுப்பாக இருந்தது. கூலி அறுவடைக் களத்தில் தானியமாக அளக்கப்படும். ஆண்டு முழுவதும் எந்த நேரத்தில் வார் அறுந்தாலும் போய்ச் சரிசெய்ய வேண்டும். வாடிக்கையாளர் சேவை என்று பார்த்தால் இதைவிட முழுமையானது கிடையாது. ஆனால் அது விருப்பப்பட்டுச் செய்த சேவை அல்ல, சாதி சுமத்திய கடமை. ஊராருக்குச் செருப்புத் தைத்தவர்களே ஊர்த்தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாத நிலை பல கிராமங்களில் இருந்தது. கமலை போனதும் தானியமும் போயிற்று. கையில் தங்கிய திறமையோடு நகரத் தெருவுக்கு வந்தவர்களின் அடுத்த தலைமுறைகளே இன்று குடையின் கீழ் இருப்பவர்களில் பலர். 2009இல் அருந்ததியருக்கு மூன்று விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்த பின், இந்தத் தெரு மூலையை விட்டு வெளியேறும் வழி கொஞ்சம் அகன்றிருக்கிறது. அது நல்லதே. தொழில் நிலைக்க வேண்டும் என்று சொல்லி யாரையும் அதிலேயே கட்டிப்போட உரிமை எவருக்கும் கிடையாது.

தெருமுனைத் தொழிலாளியிடம் இல்லாத அந்த உத்தரவாத அட்டைக்கு வருவோம். வேட்டை பூட்ஸ் வரலாற்றில் உத்தரவாதம் என்றால் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து எல்.எல். பீன் கதையே முதலில் சொல்லப்படும். ரப்பர் அடிப்பாகமும் தோல் மேற்பாகமும் சேர்த்து அவர் உருவாக்கிய வேட்டைக் காலணியை 1912இல் தபாலில் விற்றார். முதல் நூறு ஜோடியில் தொண்ணூறு ஜோடி, ரப்பரும் தோலும் பிரிந்ததால் திரும்பி வந்தன. அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கித் தயாரிப்பைத் திருத்தினார். காலவரையின்றித் திருப்பித் தரலாம் என்ற, அவர் தொடங்கிய நிறுவனத்தின் வாக்குறுதி நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. பழைய பொருள்களை எங்கெங்கிருந்தோ வாங்கிவந்து திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று சொல்லி, 2018 பிப்ரவரியில் நிறுவனம் அதை ஓராண்டாகச் சுருக்கியது. ஆனாலும் தேய்ந்த அடிப்பாகத்தைக் கட்டணத்துக்கு மாற்றித் தரும் வேலை அங்கே தொடர்கிறது. காலவரையற்ற வாக்குறுதியைவிட இந்தச் சோல் மாற்றும் பட்டறை மேலானது. பொருளைத் தூக்கிப் போட்டுப் புதிது தருவதில் கைவேலை எதுவும் இல்லை.

இந்தியாவில் கடை தரும் உத்தரவாதம் பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். ஈரத்தால் கெட்டது, முறையாகப் பயன்படுத்தவில்லை என்ற விலக்குகளும் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். காட்டுக்கு வாங்கிய பூட்ஸ் ஈரத்தில் கெடும்போது அந்த உத்தரவாதத்தால் பயனில்லை. 2022இல் ஒன்றிய அரசு தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் வேளாண் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளோடு தொடங்கியது. காலணி அதில் இல்லை. மீதி இருப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வாங்கிய ரசீது, பிரிந்த இடத்தின் படங்கள், கடைக்கு எழுதிய கடிதத்தின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது உதவும். பழுதைத் தெருமுனைத் தொழிலாளியிடம் தைக்கக் கொடுப்பதற்கு முன்பே படத்தை எடுத்துவிட வேண்டும். தைத்த பிறகு எது தயாரிப்புக் குறை, எது பின்னர் செய்த வேலை என்று பிரித்துக் காட்டுவது கடினம்.