ஹப்சிகுடாவிற்கு வந்த பாக்

ஹப்சிகுடாவில் நம் வீட்டுப் பரணில் ஒரு வயலின் பெட்டி நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. அதை அங்கே ஏற்றி வைத்த கை நம்முடையது. அது ஏறும்படி நேர்ந்ததற்கும் நாமே காரணம். அந்தக் கதையைச் சொல்வதாயின், 1987ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் நாம் வாங்கி வந்த ஓர் ஒலிநாடாவிலிருந்து தொடங்க வேண்டும்.

'ஹவ் டு நேம் இட்?' என்பது அதன் பெயர். 'இதற்கு என்ன பெயரிடுவது?' என்று பொருள். 1986இல் இளையராஜா படைத்தளித்த கருவியிசைத் தொகுப்பு அது. அதை அவர் இருவருக்குக் காணிக்கையாக்கியிருந்தார். ஒருவர் திருவையாற்றுத் தியாகராஜ சுவாமிகள். மற்றவர் செருமானிய நாட்டு ஜொஹான் செபாஸ்டியன் பாக். நாம் அதை வாங்கியதற்கு இந்த இருவருமே காரணமல்லர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'அன்னக்கிளி' வந்த 1976ஆம் ஆண்டு முதலே, அயலூரில் வாழும் நமக்கு அந்த இசை ஊரிலிருந்து வரும் கடிதம் போல் இருந்தது. திரைப்படப் பாடல்களே இருக்கும் என்று எண்ணித்தான் வாங்கினோம். வீட்டில் வந்து கேட்டால், பாட்டும் இல்லை, சொல்லும் இல்லை!

உப்பல் சாலையில் 1961 முதலாக ஆராய்ச்சி நிலையங்கள் எழுந்தபோது, அவற்றில் பணி பெற்று இப்பகுதிக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. நம் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நிஜாமின் படையில் பணியாற்றிய ஹப்ஷிகள் குடியிருந்ததால் இவ்வூருக்கு இப்பெயர் வந்தது என்பர். பெயரிலேயே வந்தேறியைத் தாங்கிய ஊரில் வாழ்ந்துகொண்டு, எதையும் கலக்கவிடாமல் காப்பதே கடமை என்று நாம் நினைத்திருந்தோம். வீட்டில் தமிழ் மட்டுமே பேச வேண்டும். வெள்ளிக்கிழமை பத்மராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயில். மகளுக்குக் கருநாடக இசையில் வயலின். அடுத்த தெருவில் இருந்த தெலுங்கு அம்மையார் ஒருவர் கற்பித்தார். "தியாகையர் எங்கள் மொழியில் பாடினார்" என்பார் அவர். "எங்கள் ஊரில் இருந்துகொண்டு பாடினார்" என்போம் நாம். இந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. தீர்ப்பை இருவருமே விரும்பவில்லை.

மகளுக்கு அப்போது வயது பன்னிரண்டு. அந்த ஒலிநாடாவில் 'என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்' என்று பொருள்படும் பகுதி ஒன்று உண்டு. தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை அதில் வருகிறது. 1720ஆம் ஆண்டு எழுதிய படியில் காணப்படும் இசை அது. அதனோடு நம் நாட்டு முறை வயலினும் வந்து சேர்கிறது. தொகுப்பில் வயலின் இசைத்தவர் வி. எஸ். நரசிம்மன். மற்றொரு பகுதிக்கு 'பிறகு நாங்கள் உரையாடினோம்' என்று பெயர். பெயரிடத் தெரியவில்லை என்று சொன்னவர் எவ்வளவு அழகாகப் பெயரிட்டிருக்கிறார், பாருங்கள்!

மகள் அந்தப் பகுதியையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். பின்னர் வயலினை எடுத்து அந்தச் சுரங்களைத் தேடினாள். நம் முறையில் தரையில் அமர்ந்து, வயலினின் தலையை வலக்காலின் மீது ஊன்றி, தந்திகளைச் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என்று கூட்டி வாசிக்கிறோம். இடக்கை தந்தியில் வழுக்கிச் செல்வதற்கு ஏற்ற இருப்பு அது. கமகம் அதனால்தான் கைகூடுகிறது. மேனாட்டு முறையிலோ நான்கு தந்திகளும் ஐந்தாம் சுர இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். கருவி தோளில் இருக்கும். விரல்கள் தனித்தனியே விழுந்தெழும். ஒரு கூட்டில் பழகிய விரல் மற்றதில் வழிதவறும். மூன்றாம் நாள் மாலை நாம் பணியிலிருந்து திரும்பியபோது மகள் நின்றுகொண்டிருந்தாள். வயலின் தோளில் இருந்தது. தந்திகளை மாற்றிக் கூட்டியிருந்தாள்.

"யாரைக் கேட்டு மாற்றினாய்?" என்றோம்.

"அதில் அப்படித்தான் இருக்கிறது, அப்பா. இந்தக் கூட்டில்தான் அது வரும்."

"இரண்டும் கெட்டுப்போகும். உட்கார்ந்து ஒழுங்காக வாசி."

அவள் உட்கார்ந்தாள். தந்திகளைப் பழையபடி கூட்டினாள். ஆறு மாதத்தில் பாடத்தையே விட்டுவிட்டாள். ஒருநாளும் நம்மோடு சண்டையிடவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

நாம் அஞ்சியது முற்றும் தவறு என்று சொல்வதற்கில்லை. அரைகுறையாக இரண்டைக் கலப்பவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். ஆனால் இந்தக் கலவைக்குப் பின்னால் எவ்வளவு கல்வி இருந்தது என்பதை நாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை. பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு ஊர் ஊராகப் பொதுவுடைமை மேடைகளில் வாசித்தவர், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைக் கற்றார், டி. வி. கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசையைப் பயின்றார். பாக்கின் 'பியூக்' என்னும் வடிவத்தில் ஒரு குரல் ஒரு தலைப்பை எடுக்கும், அது மேலே செல்ல, இரண்டாம் குரல் அதே தலைப்பை வேறு நிலையில் எடுக்கும், பிறகு மூன்றாவது. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் அல்லர். நம் இராகமோ ஒற்றைக் குரலில் வளர்வது. ஏறும் வழியும் இறங்கும் வழியும் வரையறுக்கப்பட்டது. அதைப் பல குரலாகப் பிரித்தால், எந்தக் குரலும் இராகத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. அதே வேளையில் ஒன்றோடொன்று மோதவும் கூடாது. இரண்டு இலக்கணங்களுக்கும் ஒரே நேரத்தில் பணிய வேண்டும். இதைக் கட்டுப்பாடற்ற கலப்பு என்று எப்படிச் சொல்வது?

மேலும், நாம் காத்ததாக எண்ணிய வயலின் யாருடையது? முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், சென்னையை அடுத்த மணலியில் ஐரோப்பியர் ஒருவரிடம் அதைக் கற்று நம் இசைக்குக் கொண்டு வந்தார். அவர் வாழ்ந்த காலம் 1786 முதல் 1859 வரை. அண்ணனோ வெள்ளையரின் மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்து 'நோட்டு சுரம்' பாடினார். பாக்கைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். செருமனியை விட்டுப் பெரும்பாலும் வெளியே போகாதவர் அவர். ஆயினும் இத்தாலியரான விவால்டியின் இசையைத் தம் கருவிகளுக்கு மாற்றி எழுதினார். பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கில நாட்டு ஆட்ட நடைகளை ஒரே தொகுப்பில் வரிசையாக வைத்தார். நம் மகள் தேடிய அந்தப் பார்ட்டிட்டாவும் அத்தகைய தொகுப்பே.

மின்னணுக் கருவிகளைப் பற்றியும் நமக்கு ஒரு முணுமுணுப்பு இருந்தது. 1986இலேயே 'விக்ரம்', 'புன்னகை மன்னன்' படங்களுக்கு இளையராஜா கணிப்பொறியின் துணையை நாடினார். "இனி மனிதர் எதற்கு?" என்று நாம் சலித்துக்கொண்டோம். அப்போது நம் பூசையறையில் மின்சாரச் சுருதிப்பெட்டி ஒன்று ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது என்பது வேறு செய்தி. அமெரிக்காவில் வெண்டி கார்லோஸ் என்பவர் 1968இலேயே பாக்கின் இசையை 'மூக்' என்னும் மின்னணுக் கருவியில் வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டதைப் பின்னாளில் அறிந்தோம். அக்கருவியில் ஒரு வேளையில் ஒரு சுரமே எழும். ஆகவே ஒவ்வொரு குரலையும் தனித்தனியே பதிந்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாராம். எத்தனை நாள் அமர்ந்திருப்பார்! எந்திரம் பொறுமையைக் குறைக்கவில்லை, கூடுதலாகவே கேட்டது.

மகள் இப்போது வேறு நாட்டில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் தமிழைப் புரிந்துகொள்வார்கள். ஆங்கிலத்தில் விடை சொல்வார்கள். உணவு மேசையில் பாட்டி தமிழில் ஒன்றைத் தொடங்க, பேத்தி அதையே ஆங்கிலத்தில் தொடர, மருமகன் நடுவில் இந்தியில் புகுவார். முன்பு நாம் இதைக் கேட்டால் எழுந்து போய்விடுவோம். இப்போது உட்கார்ந்து கேட்கிறோம்.

2025 மார்ச் 8ஆம் நாள், இளையராஜா தம் 'வேலியண்ட்' சிம்பொனியை லண்டனில் இராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவைக் கொண்டு அரங்கேற்றினார். அடுத்த நாள் மகள் தொலைபேசியில் பேசினாள். நெடுநேரம் அதைப் பற்றியே பேச்சு. முடிவில், "அப்பா, என் வயலின் இன்னும் பரணில்தானே இருக்கிறது?" என்று கேட்டாள். கோடை விடுமுறைக்கு வருவதாகவும் சொன்னாள்.

மறுநாளே இறக்கினோம். பெட்டியின் உட்துணி செல்லரித்திருந்தது. குதிரை சாய்ந்து கிடந்தது. இரண்டு தந்திகள் அறுந்திருந்தன. வில்லில் மயிரே இல்லை. இசைக்கருவி பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மரம் நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்: "எந்த முறைக்குத் தந்தி போட வேண்டும், ஐயா? நம் கச்சேரிக்கா, மேனாட்டு வாசிப்புக்கா?"

மகளைக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு, ஹப்சிகுடாவிற்கு மெட்ரோ ஏறினோம்.